விலை சொன்ன பிறகு

வெள்ளிக்கிழமை, காலை 6.20

கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை வண்டி புறப்படும்போது ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. டிக்கெட் ஆளுக்கு நூற்றுத் தொண்ணூறு ரூபாய். ஜன்னலோரம் மொரிதா. வயது அறுபத்தாறு. ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நான். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராகப் பதினேழு வருடமாக வாயை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள். மொரிதாவுக்குத் திருவண்ணாமலையில் ஒரு வருடம் தங்க வீடு வேண்டும். கூட இருந்து பேசி முடித்துக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. மூன்று நாளுக்கு என்ன தருவார் என்பதை அவரே முதலில் சொன்னார், நான் சரி என்றேன். பேரம் அரை நிமிடத்தில் முடிந்தது.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது ஒரகடம் சாலை பிரிகிற திருப்பத்தைக் காட்டினேன். மொரிதா தலையை ஆட்டினார். வேலையில் இருந்தபோது வருடத்துக்கு நான்கு முறை ஜப்பானிலிருந்து வந்து இந்தத் திருப்பத்தில்தான் காரில் போவார். மேஜையின் அந்தப் பக்கத்தில் அவர் உட்கார்ந்த எத்தனையோ கூட்டங்களில் நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதில் ஒன்றை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. அம்பத்தூரில் சின்னதாக ரப்பர் பட்டறை வைத்திருந்த ஒருவர், ஒரு வாஷருக்கு விலை பேச வந்திருந்தார். தேநீர் இடைவேளையில் ஜப்பானியர்கள் புகைபிடிக்க வெளியே போனார்கள். அறையில் அவரும் அவருடைய கணக்காளரும் நானும். "பதினொன்னு எழுபதுக்குக் கீழ போனா ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று அவர் கணக்காளரிடம் தமிழில் சொன்னார். என் காதில் விழுந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மேஜையில் சொன்னதைச் சொல்ல வேண்டும், சொல்லாததைச் சொல்லக் கூடாது. இதுதான் எங்கள் தொழிலின் ஒழுக்கம். பேச்சு பதினொரு ரூபாய் இருபது காசில் முடிந்தது. ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தரப்பின் ரகசியம் என் வழியாக மறு தரப்புக்குப் போனதில்லை என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போது பெருமையாகச் சொல்வேன்.

காலை 10.35

செஞ்சியில் பத்து நிமிடம் நின்றது. கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மணிலாக் கொல்லை, கண்ணுக்கெட்டிய வரை வேர்க்கடலைச் செடி. பிறகு ஊர்.

பேருந்து நிலையத்திலிருந்து ரமணாசிரமம் பகுதிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் மொரிதாவின் முகத்தைப் பார்த்து இருநூறு என்றார். நான் நூறு என்றேன். "மேடம், டீசல் விக்கிற விலைக்கு நூறுன்னா எப்டிங்க" என்றார். வண்டி கேஸில் ஓடுகிறது என்று பின்னால் எழுதியிருந்தது. இருவருமே அதைப் பார்த்தோம், இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. நூற்று முப்பதுக்கு ஏறினோம்.

வழியில் மொரிதா கேட்டார்: "முதலில் இருநூறு என்றாரே, அது பொய்யா?"

"பொய் இல்லை. பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்."

"நீங்கள் சொன்ன நூறு?"

"அதுவும் அப்படித்தான்."

"எங்கள் ஊரில் விலை சொல்வது வாக்குக் கொடுக்கிற மாதிரி. மாற்றினால் முதலில் சொன்னது என்ன என்று கேட்பார்கள்" என்றார். சொல்லிவிட்டு மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

தங்கும் விடுதி செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில். அறைக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு. விடுதிக்காரர் மூன்று வீடுகளின் முகவரி கொடுத்தார். மாலைக்குள் இரண்டைப் பார்த்தோம். ஒன்றில் பக்கத்து மனையில் கட்டட வேலை. மற்றதில் மாடிப்படி செங்குத்து, மொரிதாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை, காலை 11.00

மூன்றாவது வீடு ஏழுமலையுடையது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கிறார். பத்து வருடத்துக்கு முன் இங்கே மனை வாங்கி வீடு கட்டி, இப்போது மேலே ஒரு மாடி எழுப்பியிருக்கிறார். கீழே குடும்பம். முன்னறையில் அவர் மனைவி அமுதா காலை டிபன் கடை நடத்துகிறார். நான்கு மேஜை. ஆசிரமத்துக்கு வருகிறவர்களில் இருபது பேராவது தினமும் அங்கேதான் சாப்பிடுகிறார்களாம். நாங்கள் போனபோது கடை முடிந்து, இட்லித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

மாடி இன்னும் சுண்ணாம்பு வாசனை அடித்தது. இரண்டு அறை, சமையலறை, வடக்கே மலை தெரிகிற பால்கனி. மொரிதா ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்தார். நான் சமையலறையில் குழாயைத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் அமுதா கணவரை நிறுத்திப் பேசுவது கேட்டது.

"இதப் பாரு, பதினெட்டுக்குக் கீழ போயிடாத. போனா பேங்குக்குக் கட்ட முடியாது. கீழ் வூட்டையும் வாடகைக்கு வுட்டுட்டு நாம ஊருக்கே போவணும். என் கடை அவ்ளோதான்."

"தெரியும்டி. மெதுவாப் பேசு."

குழாயை மூடினேன். அதற்குப் பிறகும் அமுதா அதையே இன்னொரு முறை சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்திருப்பார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கம்போல அதை மனதுக்குள் பூட்டி வைத்தேன்.

மாடிக் கூடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தோம். அமுதா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். ஏழுமலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாசம் இருபத்தஞ்சி ஆவும்ங்க. கட்டிலு, பிரிட்ஜு, இன்வெர்ட்டரு எல்லாம் அதுலயே."

சொன்னேன். மொரிதா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கைகள் மடியில். ஒரு பேச்சும் இல்லை.

இந்த மௌனம் எனக்குப் பழக்கம். ஜப்பானியர் ஒருவர் முக்கியமான எண்ணைக் கேட்டால் இப்படித்தான் இருப்பார். உடனே பதில் சொன்னால் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். யோசிப்பது ஒரு மரியாதை. இந்த ஊருக்கும் மௌனம் புதிதில்லை. அதைத் தேடித்தான் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து இங்கே வாடகை கொடுத்து உட்காருகிறார்கள். ஆனால் வாடகை பேசும் இடத்தில் அதை யார் எதிர்பார்ப்பார்கள்? ஏழுமலை என்னைப் பார்த்தார், மொரிதாவைப் பார்த்தார், டீயைப் பார்த்தார்.

"ஜாஸ்தின்னு நெனைக்கிறாரு போல. இருபத்திரெண்டு வெச்சிக்கலாம்னு சொல்லுங்க மேடம்."

சொன்னேன். மொரிதாவின் நெற்றி லேசாகச் சுருங்கியது. மௌனம் தொடர்ந்தது.

"கரண்டு பில்லும் நானே கட்டிடறேன். இருபது."

அதையும் சொன்னேன். மொரிதா மேற்கு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

'அவர் மறுக்கவில்லை, யோசிக்கிறார், கொஞ்சம் பொறுங்கள்.' இதைச் சொல்ல எனக்கு மூன்று நொடி போதும். ஆனால் எனக்குச் சம்பளம் கொடுப்பவர் மொரிதா. அவருக்குச் சாதகமாக விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்த நான் யார்?

"கடைசியா சொல்றேன் மேடம். பதினேழு. இதுக்குக் கம்மின்னா கட்டுப்படியாவாதுங்க."

பதினேழு என்றதும் கதவோரம் பாத்திரம் இடறுகிற சத்தம். நான் நிமிர்ந்தேன். அமுதா கணவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் மேலிருந்த கோபத்தை என் பக்கம் திருப்புகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மொரிதா எழுந்து குனிந்து வணங்கி, "நாளைக்குச் சொல்கிறேன்" என்றார்.

தெருமுனை திரும்பியதும் என்னிடம் கேட்டார்: "அந்த வீட்டில் என்ன கோளாறு?"

"கோளாறா?"

"ஐந்து நிமிடத்துக்குள் எட்டாயிரம் ரூபாய் இறங்கிவிட்டாரே. மழைக்கு ஒழுகுமா? பத்திரத்தில் ஏதாவது வழக்கா? முதல் விலையே எனக்குச் சரியாகத்தான் பட்டது. இப்போது பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?"

நான் நடுச்சாலையில் நின்றுவிட்டேன். ஒருவர் பயந்துபோய் விலையைக் குறைத்தார், குறைத்ததைப் பார்த்து மற்றவர் பயந்துபோனார். இரண்டு பயத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்.

சனிக்கிழமை, மாலை 6.30

ஏழுமலை போன் செய்தார்.

"மேடம், பதினாறுன்னு முடிச்சிக் குடுங்க. ஒங்களுக்கு ஒரு மாச வாடகை கமிஷன் தந்துடறேன். வழக்கம்தான், தப்பா நெனைக்காதீங்க."

"கமிஷன் எதுவும் வேணாங்க. நான் புரோக்கர் இல்ல."

"பின்ன அவரு ஏன் ஒண்ணுமே சொல்லாம போறாரு? இன்னும் கம்மி பண்ணணுமா?"

பதினேழு வருட ஒழுக்கத்தை நான் உடைத்த இடம் இதுதான். அதை மேஜையில்கூடச் செய்யவில்லை, விடுதியின் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே நின்றபடி செய்தேன்.

"கம்மி பண்ணாதீங்க. அவர் வேணாம்னு சொல்லல. அவங்க ஊர் வழக்கம், விலை கேட்டா கொஞ்ச நேரம் பேச மாட்டாங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு அவரைக் கூட்டிக்கிட்டு வர்றேன். உங்களுக்குக் கட்டுற விலை எதுவோ அதை ஒரு தடவை சொல்லுங்க. சொல்லிட்டு வாயைத் திறக்காதீங்க."

"எம்மா நேரம்ங்க?"

"அவர் பேசுற வரைக்கும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இப்போதே பழகத் தொடங்கிவிட்டார் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.45

கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்றார் மொரிதா. மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். நாங்கள் நடந்தது மூன்றுதான். வீட்டில் கோளாறு இல்லை, மொரிதா பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் விலை இறங்கியது என்பதையும், நேற்று ஏழுமலையிடம் நான் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். சம்பளத்தில் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். படிக்கட்டில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். பதினெட்டு என்று தெரிந்தால், மொரிதா நல்லவராக இருந்தாலும், பேச்சு பதினெட்டைச் சுற்றித்தான் நடக்கும்.

எதிரில் வெறுங்காலுடன் ஒரு குடும்பம் எங்களைக் கடந்து போனது. கரும்புச்சாறு வண்டி ஒன்று கடை விரித்தது. அப்புறம்தான் மொரிதா பேசினார்.

"என் ஆயுதத்தை அவரிடம் காட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"அது ஆயுதம் என்று எனக்கே தெரியாது. மேற்கு ஜன்னலில் மத்தியான வெயில் எவ்வளவு அடிக்கும், திரை போட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்." இன்னும் பத்தடி நடந்தார். "அந்த ரப்பர்க்காரர் நினைவிருக்கிறதா? அம்பத்தூர். அன்றைக்கும் நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் இறங்கிக்கொண்டே வந்தார். லாபம் நிறைய வைத்திருக்கிறார் போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம்."

பிறகு அவரே, "இங்கே ஒரு விலை சொன்னால் எவ்வளவு குறைத்துக் கேட்பது மரியாதை?" என்றார்.

"அப்படியே ஒத்துக்கொண்டால் குறைவாகச் சொல்லிவிட்டோமே என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வராது அவருக்கு. இரண்டாயிரம் குறைத்துக் கேளுங்கள்."

காலை 9.10

அதே கூடம், அதே நாற்காலிகள். கீழே கடையில் கடைசி ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"இருபத்திரெண்டு" என்றார். அவ்வளவுதான். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மொரிதா கண்ணைத் தாழ்த்தினார். மின்விசிறி சுற்றியது. கீழே குக்கர் ஒரு விசில் அடித்தது. ஏழுமலை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாய் ஒருமுறை திறந்து மூடியது. நான் தரையில் ஓடுகளை எண்ணினேன், நாற்பத்திரண்டு. இரண்டாவது விசில். யாராவது பேச மாட்டார்களா என்று எனக்கே மூச்சு முட்டியது. இத்தனை வருடம் இந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதன் கனம் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

"இருபது" என்றார் மொரிதா. அறுபத்தாறு வயதில் தனக்காக அவர் பேசிய முதல் பேரம். காது மடல் சிவந்துவிட்டது.

நான் சொன்னதும் ஏழுமலை மனைவியைப் பார்த்தார். கணவர் "சரி" என்று சொல்வதற்குள் கதவோரத்திலிருந்து அமுதா பேசினார்.

"இருபதுக்கு ஒத்துக்கறோம்ங்க. ஆனா கரண்டு பில்லு அவருது. காலைல டிபனு நம்ப கடையிலதான் சாப்புடணும், அது தனி. ஒரு நாளைக்கு அறுவது ரூவா."

மொரிதா இந்த முறை யோசிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மூன்று மாத முன்பணம் என்று பேசி முடிந்தது.

காகிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு மொரிதா ஒன்றைக் கேட்கச் சொன்னார். இருபதுதான் கட்டுப்படியாகும் என்று தெரிந்தவர் நேற்று ஏன் பதினேழு வரை போனார்?

ஏழுமலை கழுத்தைச் சொறிந்துகொண்டார். "கணக்கெல்லாம் ஞாபகம் இல்லீங்க. பெரிய மனுசன் தலையக் குனிஞ்சிக்கினு ஒக்காந்துட்டாரு. தப்பா கேட்டுட்டமோன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சி. அந்த வெக்கம் தாங்காம சொல்லிட்டேன்."

இதை ஜப்பானிய மொழியில் சொன்னேன். மொரிதா எழுந்து நின்று நன்றாகக் குனிந்து வணங்கினார். ஏழுமலையும் பதறி எழுந்து கும்பிட்டார்.

பகல் 12.30

மொரிதா அங்கேயே தங்கிவிட்டார். நான் மட்டும் கிளம்பினேன். அமுதா தெருமுனை வரை ஆட்டோ பிடித்துவிட வந்தார். கையில் எனக்காக ஒரு பொட்டலம் புளிசாதம்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நேத்து படிக்கட்டுல நாங்க பேசிக்கினது ஒங்களுக்குக் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சி."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்லம்மா. ஒரு வார்த்தை சொல்லல." இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு நிமிர்வு இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அமுதா என் முகத்தையே பார்த்தார். "ஏன்க்கா?"

"உங்க வீட்டு விஷயமாச்சே."

"நீங்க சொல்லணும்னுதானேக்கா அவ்ளோ சத்தமா பேசினேன். ரெண்டு தடவ சொன்னேன். வெள்ளைக்காரங்க, ஜப்பான்காரங்ககிட்ட எங்க கஷ்டத்த நாங்களே சொன்னா பிச்ச கேக்கற மாதிரி ஆயிடும். நடுவுல ஒரு ஆளு பக்குவமா சொன்னா அவங்களுக்கும் மனசு இருக்குமில்ல. அவரு பதினேழுன்னப்ப ஒங்களதான் பாத்தேன், இப்பயாவது சொல்லுவீங்கன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. விஷயம் தெரியாத ஒருத்திக்கு விளக்குகிற மாதிரிதான் சொன்னார். ஆட்டோ வந்தது. பேருந்து நிலையத்துக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். நான் பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

பேருந்தில், மாலை 4.40

கீழ்பென்னாத்தூரில் மணிலா மூட்டையோடு இரண்டு பேர் ஏறினார்கள், செஞ்சியில் இறங்கினார்கள். புளிசாதம் நன்றாக இருந்தது. மொரிதாவுக்கு இருபதாயிரத்துக்கு ஒரு வீடு அமைந்துவிட்டது, அமுதாவின் கடையும் பிழைத்தது. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். மொழி தெரிந்தவள் என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். என் சொந்த மொழியில் ஒருத்தி என் காதுக்காகவே பேசியது எனக்குப் புரியவில்லை. காப்பாற்றச் சொல்லி யாரும் கேட்காத ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டு, அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

வண்டி சிங்கப்பெருமாள் கோயிலை நெருங்கியது. ஒரகடம் பிரிகிற திருப்பத்தில் சிக்னலுக்கு நின்றோம். ஜன்னலோரம் இப்போது நான். அம்பத்தூர்க்காரரின் முகம் நினைவுக்கு வந்தது, கையில் காகிதக் கோப்பை, கதவுப் பக்கம் ஒரு பார்வை. பதினொன்று எழுபதுக்குக் கீழே போனால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவர் உரக்கச் சொன்னபோது, அந்தக் கணக்காளர் அவர் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார். நான்தான் மேஜையின் மறுகோடியில் இருந்தேன்.